ஈயத்தை இறக்குமா வல்லாரை?

மருந்தும் மூலிகையும் – வாசகர் கேள்வி பதில்

ஈயம், பாதரசம், கட்மியம் ஆகிய உலோகங்கள் மூளையைத் தாக்குமா, எந்த மூலிகை அதைத் தடுக்கும் என்று மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் என் கணவர் பழைய வாகன பற்றரிகளை வாங்கி, லயத்துப் பின்பக்கம் உடைத்து, ஈயத் தகட்டை உருக்கிக் கட்டியாக்கி விற்கிறார். நாலு வயது மகனுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. "ஈயம் மூளைக்கு ஏறியிருக்கும், தினமும் வல்லாரைச் சாறு கொடு, இறங்கிவிடும்" என்று பக்கத்துக் காம்பரா அக்கா சொல்கிறார். எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை நாளைக்கு?
– ஒரு தாய், பொகவந்தலாவ

பதில்: சாற்றின் அளவு பிறகு, அம்மா. உருக்கும் வேலை இன்றோடு நிற்க வேண்டும். வேறு இடத்துக்கு மாற்றினால் போதாதா என்று கணவர் கேட்பார். போதாது. ஈயம் அவருடைய உடுப்பிலும் முடியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு காம்பராவுக்குள் வந்துவிடும்.

வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் வளர்ந்தவர்களின் உடம்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். சிறு பிள்ளையின் உடம்பு பாதி வரை உறிஞ்சும். ஈயம் உடம்புக்குள் கல்சியம் போல நடிக்கும். கல்சியம் போகும் வழியாகவே மூளைக்குள் நுழைந்து, நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசும் இடங்களைக் குழப்பும். இரத்தம் ஊறுவதற்குத் தேவையான ஒரு நொதியத்தையும் முடக்கும். இரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். எலும்பில் படிந்ததோ பல ஆண்டுகள் அங்கேயே கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இரத்தத்துக்கு வரும்.

முதலில் பரிசோதனை. தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ பற்றரி உருக்கும் விடயத்தை மறைக்காமல் சொல்லி, ஆஸ்பத்திரியில் பிள்ளை வைத்திய நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். கேட்க வேண்டிய சோதனை இரத்த ஈய அளவு. நாளத்திலிருந்து எடுத்த இரத்தம்தான் நம்பகமானது. விரலில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் ஈயத்தூசி கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். முடியை வெட்டி அனுப்பும் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அதே இரத்தத்தில் ஹீமோகுளோபினையும், உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சுத் தாமதத்துக்குக் காது கேளாமை உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். ஈயத்தின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டுக் காதுச் சோதனையைத் தவற விட்டுவிடாதீர்கள்.

டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே ஈயம் வரும் வழியைத் தேடி அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. 45ஐத் தொட்டால் பிள்ளைக்கு ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள். அது மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் மருந்து. வீட்டில் ஈயத்தூசி இருக்கும்போதே அதைக் கொடுத்தால் குடல் இன்னும் கூடுதலாக ஈயத்தை உறிஞ்ச இடமுண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 20க்கும் 44க்கும் இடைப்பட்ட அளவு கொண்ட 780 சிறுவர்களில் ஒரு பகுதியினருக்குச் சக்சிமர் என்ற அந்த வெளியேற்று மருந்தைக் கொடுத்தும், மற்றவர்களுக்கு மருந்தில்லாக் குளிசையைக் கொடுத்தும் பார்த்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. மருந்து இரத்த ஈயத்தைக் குறைத்தது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது அறிவுத்திறனிலும் நடத்தையிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. உண்மையிலேயே ஈயத்தை இறக்கும் மருந்தின் நிலையே இதுவென்றால், வல்லாரையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று யோசியுங்கள்.

வல்லாரையைப் பற்றிச் சொல்வது முழுப் பொய்யல்ல. ஈயம் கொடுத்த எலிகளில் வல்லாரைச் சாறு ஒட்சியேற்றச் சேதத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் எலும்பில் படிந்த ஈயத்தை அது பிடுங்கி வெளியேற்றும் என்பதற்கு மனிதரிடம் சான்றில்லை. அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருக்கக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது போன்ற காரியம் அது. கீரையாக, வாரம் இரண்டு மூன்று தடவை பிள்ளையின் சோற்றில் சேருங்கள். நல்லது. சாறாகப் பிழிந்து மருந்துபோல் தினமும் ஊற்ற வேண்டாம்.

துப்புரவு செய்யும் விதம் முக்கியம். விளக்குமாற்றால் கூட்டினால் தூசி எழும்பிப் பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும். ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீர், இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் ஜன்னல் விளிம்பு, கதவு நிலை, தரை என்று மேலிருந்து கீழாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடியும் துடையுங்கள். அழுக்குத் தண்ணீரைப் பீலிக்கரையிலோ தோட்டப் பாத்தியிலோ ஊற்றக்கூடாது. துடைத்த துணியைத் திரும்பப் பாவிக்காதீர்கள். உருக்கும்போது போட்ட உடுப்பைப் பிள்ளையின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. உருக்கிய இடத்து மண்ணைக் கிளற வேண்டாம். மேலே நல்ல மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டிப் புல் பிடிக்க விடுங்கள், முடிந்தால் சீமெந்து போட்டு மூடுங்கள். அந்த இடத்தில் கொத்தித் திரியும் கோழியின் முட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், முட்டையிலும் ஈயம் ஏறும். பிள்ளை சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவட்டும். வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படுவதால் பிள்ளையை நீண்ட நேரம் பசியோடு விடாதீர்கள்.

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின் மூளையை ஈயத்திலிருந்தும் கட்மியத்திலிருந்தும் பாதுகாக்கிறது என்று படித்தேன். நாம்தான் தினமும் கறியில் மஞ்சள் போடுகிறோமே, அது போதாதா? உள்ளி, கொத்தமல்லி பற்றியும் சொல்கிறார்களே?
– ஆசிரியர் ஒருவர், ஹட்டன்

பதில்: கணக்கொன்று போட்டுப் பார்ப்போம், சேர். எலி ஆய்வுகளில் உடல் எடை கிலோ ஒன்றுக்கு 100 மில்லிகிராம் குர்குமின் கொடுப்பது வழக்கமான அளவு. எலியின் அளவை மனித அளவாக மாற்ற 6.2ஆல் வகுப்பார்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 16 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 970 மில்லிகிராம். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 அளவில்தான் இருக்கும். ஆக, 32 கிராம் தூள் வேண்டும். தேக்கரண்டி ஒன்று 3 கிராம் என்றால் ஒரு ஆளுக்குத் தினமும் பத்துக் கரண்டிக்கு மேல். வீட்டில் முழுக் குடும்பத்தின் கறிக்கும் ஒன்றிரண்டு கரண்டிதான் போடுகிறோம்.

அந்த ஒன்றிரண்டு கரண்டியும் முழுதாக இரத்தத்துக்குப் போவதில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும், அதையும் ஈரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். மிளகில் இருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ந்தபோது இரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியதாக 1998இல் காட்டினார்கள். அரைக் கரண்டி மிளகுத் தூளிலேயே அவ்வளவு பைப்பரின் இருக்கும். மஞ்சளும் மிளகும் எண்ணெயில் தாளித்த கறி அந்த வகையில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டக் கூடியது. வலிப்பு மருந்தோ இரத்தம் உறையாமலிருக்க வாபரினோ எடுப்பவர்கள் குர்குமினும் பைப்பரினும் சேர்ந்த குளிசையை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இந்தச் செறிவான குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன. கறி மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை.

எலி ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூலிகையை எப்போது கொடுத்தார்கள்? பல ஆய்வுகளில் உலோகத்தோடு சேர்த்தோ அதற்கு முன்னரோ கொடுக்கிறார்கள். குடலிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் இடமுண்டு. நம் பிள்ளைகளுக்கோ உலோகம் பல மாதமாக உள்ளே போன பிறகுதான் மூலிகையைத் தேடுகிறோம். "சாறு" என்ற சொல்லும் ஏமாற்றும். ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் காய்ந்த இலையை மதுசாரத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த பசையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அம்மியில் அரைத்துப் பிழிந்த சாற்றோடு அதற்கு அளவிலும் சேர்க்கையிலும் பொருத்தமில்லை.

உள்ளிக்கு மனித ஆய்வு ஒன்று உண்டு. ஈரானில் வாகன பற்றரித் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு நான்கு வாரம் உள்ளிக் குளிசை கொடுத்து, பெனிசிலமின் என்ற வெளியேற்று மருந்தோடு ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான முடிவின்படி இரண்டும் இரத்த ஈயத்தை ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தன, உள்ளியால் பக்கவிளைவும் குறைவு. உள்ளியின் கந்தகச் சேர்மங்கள் ஈயத்தைப் பிடிக்கும் என்பது இரசாயனப்படி பொருந்தும். ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள், காலம் நான்கு வாரம், மூளையின் செயல்திறன் திரும்பியதா என்பது வேறு கேள்வி. கொத்தமல்லியின் கதை வேறு. ஈயம் ஏறிய சிறுவர்களுக்கு அதன் சாற்றைக் கொடுத்த சிறிய சோதனையில், மருந்தில்லாப் பாகு குடித்த பிள்ளைகளைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. இரசத்துக்குப் போடுங்கள், மணமாக இருக்கும்.

கேள்வி: கடை மஞ்சள் தூளில் ஈயம் கலக்கிறார்களாமே? வீட்டில் கண்டுபிடிக்க வழி உண்டா?
– குடும்பத் தலைவி, மாத்தளை

பதில்: ஈயம் இறங்கட்டும் என்று மஞ்சளைத் தின்று ஈயத்தை ஏற்றிக்கொள்ளும் கூத்து நடக்கக் கூடியதே. பங்களாதேசத்தில் மங்கலான மஞ்சள் கிழங்குக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேற்று என்ற மஞ்சள் சாயத்தைத் தேய்த்து மெருகேற்றுவது 2019இல் வெளிப்பட்டது. அரசாங்கம் சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டம் விதித்தது. 2021இல் எடுத்த மாதிரிகளில் அந்தச் சாயம் இல்லை. இங்கே மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, 2020இல் கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விலை அப்படி ஏறும் பொருளில் கலப்படத்தை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி தூளைத் தூவிப் பார்க்கும் சோதனை சாயத்தைத்தான் காட்டும். கலக்காமல் விட்டால் நல்ல தூள் அடியில் தங்கி மேல்தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும், தண்ணீரில் கரையும் சாயம் சேர்ந்திருந்தால் கடும் மஞ்சளாகும். ஈயக் குரோமேற்று தண்ணீரில் கரையாது, தூளோடு சேர்ந்தே அடியில் தங்கும். ஆகவே அந்தச் சோதனையில் தேறிய தூளில் ஈயம் இல்லை என்று சொல்ல முடியாது. சந்தேகம் பலமாக இருந்தால் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில் காசு கட்டி உலோகச் சோதனை செய்விக்கலாம். பல குடும்பங்கள் ஒரே கடையில் வாங்குவதென்றால் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

தூளைவிட விரலி மஞ்சள் மேல், அதுவும் மெருகேற்றாதது. வெளிப்பக்கம் பளீரென்று, உடைத்த உட்பக்கம் மங்கலாக இருந்தால் வாங்காதீர்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது பெயின்ட் போலத் திட்டாக ஒட்டினாலும் வேண்டாம்.

மாத்தளையில் இருக்கும் உங்களுக்கு நட்டெடுப்பதே நல்லது. நுவரெலியாக் குளிரில் மஞ்சள் ஏறாது, உங்கள் பக்கத்து மண்ணில் தாராளமாக வரும். சித்திரை மழையோடு நட்டால் எட்டு, ஒன்பது மாதத்தில் இலை பழுத்துச் சாயும். அப்போது கிண்டி, கழுவி, கிழங்கு மூடும் அளவு தண்ணீரில் 45 நிமிடம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை அவியுங்கள். ஈர்க்கு தடையில்லாமல் இறங்கினால் பதம். குறைய அவித்தால் காய்ந்த பிறகு எளிதில் முறியும், கூட அவித்தால் நிறம் போகும். தடித்த கிழங்கையும் விரலையும் சேர்த்து அவித்தால் ஒன்று வேகாமல் மற்றது குழையும், பிரித்தே போடுங்கள். பத்துப் பதினைந்து நாள் வெயில். இரவில் மூடி வைக்காவிட்டால் பனி பிடித்துப் பூசணம் வரும். உடைக்கும்போது 'டக்' என்ற சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. பச்சையாக 5 கிலோ எடுத்தால் காய்ந்து ஒரு கிலோ தேறும்.

கேள்வி: தேயிலை மலையில் கானோரம் வல்லாரை கொழுகொழுவென்று படர்ந்திருக்கிறது. அதைப் பிடுங்கிக் கஞ்சி வைக்கலாமா?
– ஹப்புத்தளை வாசகி

பதில்: கானில் வளர்வதை வேண்டாம் என்போம். மலைக்கு அடிக்கும் மருந்தும் உரமும் மழையோடு இறங்கும் வழி அது. தேயிலையின் கொப்புள நோய்க்குச் செப்பு மருந்து அடிக்கும் மலையென்றால் கேட்கவே வேண்டாம். பாதையோரக் கானில் வாகனத் தூசியும் சேரும். ஈயம் சேர்ந்த பெற்றோலை இலங்கை 2002இல் நிறுத்திவிட்டாலும் பழைய பாதையோர மண்ணில் படிந்த ஈயம் கரைந்து போய்விடாது. ஈர மண்ணில் படரும் வல்லாரை, தான் நிற்கும் மண்ணில் உள்ளதை உறிஞ்சும் சாதி. வேரில் கூடுதலாகவும் இலையில் குறைவாகவும் தங்கும். கழுவினால் இலை மேல் இருக்கும் தூசி போகும், உள்ளே ஏறியது போகாது. உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது பூச்சிக்கும் அட்டைக்கும் சரி, உலோகத்துக்கு அல்ல.

ஒரு தொட்டியில் நீங்களே வளர்த்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று கணு உள்ள கொடித்துண்டை ஒரு சாண் இடைவெளியில், அரை நிழலில் வைத்து மண் காயாமல் பார்த்தால் இரண்டு மாதத்தில் முதல் வெட்டு கிடைக்கும். வேரோடு பிடுங்காமல் இலையையும் காம்பையும் மட்டும் கத்தரியுங்கள், திரும்பத் துளிர்க்கும். தொட்டி எது என்பதைப் பாருங்கள். பழைய பற்றரிப் பெட்டியை வெட்டி அதில் கீரை நட்டிருக்கும் வீடுகள் உண்டு. எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பெட்டி உணவுச் செடிக்கு ஆகாது. மண்ணைப் பாதையோரத்திலிருந்து அள்ளாதீர்கள்.

கஞ்சிக்கு, நாலு பேருக்கென்றால் 100 கிராம் சிவப்புப் பச்சையரிசியை உள்ளி நாலு பல், சிறு துண்டு இஞ்சியோடு ஒன்றேகால் லீற்றர் தண்ணீரில் குழைய அவியுங்கள். இரண்டு கைப்பிடி வல்லாரையை ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு அரைத்து வடியுங்கள். அரிசி கரைந்த பிறகு ஒரு கோப்பை முதல் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டு, நெருப்பைத் தணித்து, கடைசியாக இலைச்சாற்றை ஊற்றி இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். கொதிக்கவிட்டால் பால் திரியும், பச்சை நிறம் செத்துப் பாசி நிறமாகும். தேசிக்காய்ப் புளியைச் சட்டியில் விடாமல் கோப்பையில் விட்டுக் குடித்தால் நிறமும் நிற்கும், இரும்புச்சத்தும் நன்றாக உடம்பில் சேரும். வல்லாரையைச் செறிவான குளிசையாக எடுத்த சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருப்பதால், ஈரல் நோய் உள்ளவர்கள் குளிசைப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: தேயிலை தண்ணீரில் உள்ள ஈயத்தை இழுத்துவிடும் என்பது உண்மையா? அப்படியானால் பிள்ளைகளுக்கு பிளேன்டீ நல்லதுதானே?
– தலவாக்கலை வாசகர்

பதில்: முதல் கேள்விக்கு ஆம். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேயிலைப் பையை மூன்று தொடக்கம் ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தண்ணீரில் உள்ள ஈயத்தில் நூற்றுக்கு 15 வரை இலையில் ஒட்டிக்கொள்கிறது. ஊறும் நேரம் கூடக் கூட ஒட்டுவதும் கூடும். சக்கையோடு அது வெளியே போகும். மீதி 85 கோப்பையில்தான் இருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும்.

இரண்டாவதற்கு இல்லை. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீர் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் குடலில் சேராமல் தடுத்துவிடும். இரும்புச்சத்து குறைந்த குடல், இரும்பை இழுக்கும் வாயில்களைக் கூட்டிக்கொள்ளும். ஈயமும் கட்மியமும் அதே வாயிலால் உள்ளே போகும். இரத்தச்சோகை உள்ள பிள்ளைக்கு ரொட்டியோடு பிளேன்டீ கொடுப்பது ஈயத்துக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். தேயிலையிலுள்ள கட்டெச்சின்கள் மூளையைப் பாதுகாப்பதாக எலிகளில் வந்த முடிவுகள் இதை ஈடுகட்டப் போவதில்லை. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் நடுவே ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். நெத்தலி, முட்டை, கடலை, கீரையோடு தேசிக்காய், கல்சியத்துக்குப் பால் அல்லது தலையோடு தின்னும் சின்ன மீன் ஆகியவற்றுக்கு மனித உடம்பில் உள்ள சான்று எந்த மூலிகைச் சாற்றுக்கும் இல்லை.

கேள்வி: நடமாடும் வைத்தியர் ஒருவர் ஞாபகசக்திக்கென்று சிவப்புச் செந்தூரம் தருகிறார். மூலிகை மட்டும்தான் என்கிறார். சாப்பிடலாமா?
– உயர்தர மாணவன், பதுளை

பதில்: வேண்டாம், தம்பி. சிவப்புச் செந்தூரங்களில் பலவற்றுக்கு அந்த நிறத்தைத் தருவதே பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். ஈயத்தைப் புடமிட்டுச் செய்யும் நாக பற்பமும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது, 2004இல் அந்த முடிவு வெளியானது. பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போய், எந்த மருந்து, அதில் என்னென்ன சேர்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: இரவில் உள்ளங்காலில் ஒட்டும் பட்டி காலையில் கறுப்பாகிவிடுகிறது. அது உலோகம் இறங்கியதால்தானே?
– நானுஓயா வாசகர்

பதில்: தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், காலே இல்லாமலும் கறுக்கும்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. மீனில் பாதரசம் என்று பயமாக இருக்கிறது. மீனை நிறுத்திவிட்டு நெல்லிச்சாறு குடிக்கலாமா? பிள்ளை பிறந்த பின் பால் ஊறச் சுறா சாப்பிட வேண்டும் என்கிறாரே மாமியார்?
– மஸ்கெலியா வாசகி

பதில்: மீனை நிறுத்தாதீர்கள், மீனை மாற்றுங்கள். பாதரசம் மீன் தின்னும் பெரிய, வயதான மீன்களில்தான் சேர்ந்திருக்கும். தலபத், கொப்பறா, பெரிய சுறா மூன்றையும் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் விலக்குங்கள். சாளை, நெத்தலி, கீரி, டின்மீன் ஆகியவற்றில் அது மிகக் குறைவு. இவற்றில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாக மொத்தம் 250 தொடக்கம் 350 கிராம் வரை தாராளமாகச் சாப்பிடலாம். சிசுவின் மூளைக்கு அதிலுள்ள கொழுப்பு தேவை.

மீனில் இருக்கும் மெதைல் பாதரசம் தசையோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும் பொரித்தாலும் புளி விட்டாலும் போகாது. ஒரு அமினோ அமிலம் போல வேடமிட்டு நச்சுக்கொடியையும் மூளைத் தடுப்பையும் தாண்டும். கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். நெல்லிச்சாறு அதைத் தடுக்கும் என்று நம்பித் தலபத் சாப்பிடக் கூடாது. நெல்லியை உயிர்ச்சத்து 'சி'க்காகக் குடியுங்கள்.

மாமியாருக்கு இப்படிச் சொல்லலாம்: சுறாக் கருவாட்டில் தண்ணீர் வற்றியதால் அதே எடைக்குப் பாதரசம் பச்சை மீனைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். சரக்கு அரைத்து, உள்ளி நிறையப் போட்டுச் சாளை மீனையோ நெத்தலியையோ அதே பக்குவத்தில் கறி வைக்கலாம். பால் ஊறுவது பிள்ளை எத்தனை தடவை உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது.

கேள்வி: மரக்கறித் தோட்டத்துக்கு நிறையப் பொஸ்பேற்று உரம் போடுகிறோம். கட்மியம் மூளைக்குப் போகுமா? என்ன கீரை சாப்பிட வேண்டும்?
– கந்தப்பளை விவசாயி

பதில்: வளர்ந்தவர்களில் கட்மியம் முதலில் தாக்குவது சிறுநீரகத்தை. அங்கே பல பத்தாண்டு தங்கும். மூளைக்குள் குறைவாகவே நுழையும். நீங்கள் புகைப்பவராக இருந்தால் உரத்தைவிட சிகரெட்டில்தான் கூடுதலாக ஏறிக்கொண்டிருக்கும்.

தோட்டத்தில் செய்யக்கூடியது மண்ணின் புளிப்பைக் குறைப்பது. புளிப்பு மண்ணில் கட்மியம் கரைந்து, லீக்ஸ், கீரை, சலாது இலைகளில் ஏறும். மண் பரிசோதனை செய்து, கார அமில எண் (pH) 6 தொடக்கம் 6.5 வரை வரும்படி டொலமைற் போடுங்கள். நடுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பே போட்டுக் கொத்திக் கலந்தால்தான் வேலை செய்யும். உருளைக்கிழங்கு போடும் பாத்திக்கு மட்டும் இந்த அளவு கூடாது, கிழங்கில் சொறி விழும். பொஸ்பேற்றை மண்ணில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்துப் போடுங்கள். ஆண்டாண்டாக அள்ளிப் போட்ட மரக்கறி மண்ணில் அது தேங்கிக் கிடப்பது வழக்கம். மருந்தடிக்கும் கைக்கும் மூக்கிற்கும் உறையும் கவசமும் போடாமல் இருந்துவிட்டு அகத்திக்கீரையைத் தேடுவதில் பயனில்லை.

கேள்வி: சந்தையில் மலிவாக வாங்கிய வார்ப்பு அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைக்கலாமா?
– புசல்லாவ வாசகி

பதில்: பழைய என்ஜின் பாகமும் கம்பியும் உருக்கி வார்த்த சட்டிகளில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. புளி, கொறுக்காய், தக்காளி ஆகியவை அதைக் கரைத்து எடுக்கும். நெடுநேரம் கொதித்தாலும், இரவு முழுக்கச் சட்டியிலேயே விட்டாலும் இன்னும் கூடும். புளிக்குழம்பை மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ வையுங்கள். மண்சட்டி உட்பக்கம் மெருகு பூசாததாக இருக்கட்டும், மெருகிலும் ஈயம் சேர்ப்பதுண்டு. வார்ப்புச் சட்டி கையில் இருப்பது ஒன்றுதான் என்றால் அரிசி கழுவவும் காய் போட்டு வைக்கவும் பாவியுங்கள். உட்பக்கத்தைக் கம்பி நாரால் சுரண்டிப் பளபளப்பாக்காதீர்கள், மேலே படிந்த ஒட்சைட்டுப் படை உரிந்து உலோகம் இன்னும் வேகமாகக் கரையும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்பூச்சு போடக் கொடுத்தால் வெள்ளீயம்தானா என்று கேட்டு, முடிந்தால் பக்கத்தில் நின்றே பூசச் செய்யுங்கள். உலோகத்தை ஒட்டப் பற்ற வைக்கும் கம்பியை உருக்கிப் பூசினால் அதில் காரீயம், அதாவது நாம் இவ்வளவு நேரம் பேசிய நச்சு ஈயம் இருக்கும்.